ஏகபோகம் எப்படி உடைகிறது?

(நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊதியம், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, ஊருக்குப் போக ரயில் என்று வழக்கமாகப் பேசுகிற நாம், இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் இன்று கைப்பேசியில் வரும் உத்தரவைப் பார்த்து வண்டி ஓட்டுகிறார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கிறார்கள்? எத்தனை தாய்மார்கள் ஊரில் இருக்கும் மாமியாருக்கும் அம்மாவுக்கும் அதே கைப்பேசி வழியாகப் பணம் அனுப்புகிறார்கள்? மணியார்டர் எழுதிவிட்டுத் தபால்காரருக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. வேலை, கூலி, கடிதம், பணம், பேச்சு, பாட்டு எல்லாமே உலகத்தின் ஒரு சில கம்பெனிகள் போட்ட பாதையில்தான் போய்வருகின்றன. பாதை யாருடையதோ, அவன்தான் சுங்கம் வசூலிப்பான். இது வண்டிப்பாதைக் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த சங்கதி.

"இவர்களை எவனும் அசைக்க முடியாது" என்று நம் இளைஞர்கள் சொல்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம். அசைக்க முடியாது என்று உலகமே நம்பிய கம்பெனிகள் அசைந்திருக்கின்றன. எப்படி அசைந்தன, யாரால் அசைந்தன, அசைந்தபோது யார் தலையில் விழுந்தன என்ற மூன்று கேள்விகளையும் பார்ப்போம்.

முதலில் ஐ.பி.எம். அமெரிக்காவில் 1911-ல் தொடங்கி, 1924-ல் இந்தப் பெயரைப் பெற்ற கம்பெனி. துளையிட்ட அட்டைகளை வைத்துக் கணக்குப் போடும் இயந்திரங்களை உலகமெங்கும் வாடகைக்கு விட்டது. 1964 ஏப்ரலில் 'சிஸ்டம் 360' என்ற பெரிய கம்ப்யூட்டர் வரிசையை அறிவித்தது. அதன் பிறகு அந்தத் துறையே அதன் கையில் என்று ஆகிவிட்டது. போட்டிக்கு நின்ற மற்ற ஏழு கம்பெனிகளை அமெரிக்கப் பத்திரிகைகள் "ஏழு குள்ளர்கள்" என்று கேலி செய்தன. அந்தக் குள்ளர்களில் ஒன்று ஜெனரல் எலெக்ட்ரிக், மற்றொன்று ஆர்.சி.ஏ. தங்கள் துறையில் அவையே மலைகள். ஆனால் ஜெனரல் எலெக்ட்ரிக் 1970-லும் ஆர்.சி.ஏ. 1971-லும் கம்ப்யூட்டர் வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டன. மலைகளே குள்ளர்கள் என்றால், நடுவில் நின்றவன் எத்தனை பெரியவன் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இயந்திரமும் அவனுடையது, அதை இயக்கும் நிரலும் அவனுடையது, பழுது பார்க்கும் ஆளும் அவனுடைய ஆள். ஒரு முறை அவனிடம் போன பாங்கியோ இன்சூரன்ஸ் கம்பெனியோ வெளியே வர முடியாது. வெளியே வந்தால் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து எழுத வேண்டும். ஏகபோகத்தின் பூட்டு இதுதான். பொருள் நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. விட்டுப் போனால் என்ன செலவாகும் என்பதே முதல் கேள்வி.

இந்தப் பூட்டு எப்படித் திறந்தது?

முதல் சாவி, சட்டம். 1969 ஜனவரியில் அமெரிக்க அரசின் நீதித்துறை ஐ.பி.எம். மீது ஏகபோக வழக்குப் போட்டது. 13 ஆண்டுகள் நடந்த அந்த வழக்கை 1982 ஜனவரியில் அரசே திரும்பப் பெற்றது. "பார்த்தீர்களா, பணக்காரன் ஜெயித்துவிட்டான்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் வழக்கின் நிழலில் என்ன நடந்தது? அதுவரை இயந்திரத்தோடு சேர்த்தே கொடுத்துவந்த நிரல்களை இனித் தனியாக விலை போட்டு விற்கிறோம் என்று 1969-லேயே ஐ.பி.எம். அறிவித்தது. அப்படிப் பிரித்ததால்தான், நிரல் எழுதி விற்கும் தனிக் கம்பெனிகள் மூச்சுவிட இடம் கிடைத்தது. தீர்ப்பே வராத வழக்கும் வேலை செய்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி உடையாமல் போகலாம், ஆனால் நகர்ந்தது.

இரண்டாவது சாவி, தரையே நகர்ந்தது. பெரிய அறை முழுக்க நிற்கும் கம்ப்யூட்டரில் ஐ.பி.எம். ராஜாவாக இருந்தபோதே, மேசைமேல் வைக்கும் சின்னக் கம்ப்யூட்டரைச் சிறிய கம்பெனிகள் செய்து விற்கத் தொடங்கின. ஐ.பி.எம். விழித்துக்கொண்டு 1981 ஆகஸ்டில் தன் சின்னக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அவசர அவசரமாகச் செய்ததால், உறுப்புகளை வெளியிலிருந்து வாங்கியது. மூளையான சில்லை இன்டெல் கொடுத்தது. இயக்கும் நிரலை மைக்ரோசாப்ட் கொடுத்தது. அந்த நிரலை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது.

அங்கேதான் ஆணிவேர் அறுந்தது. 1982-ல் தொடங்கிய காம்பாக் என்ற கம்பெனி, ஐ.பி.எம். இயந்திரம் செய்யும் எல்லா வேலையையும் செய்யும் இன்னொரு இயந்திரத்தைச் சட்டத்துக்கு உட்பட்டே செய்துகாட்டியது. பிறகு ஆளுக்கு ஆள் செய்தார்கள். விலை இறங்கியது. பெயர்ப்பலகை ஐ.பி.எம். உடையது, சாவிக்கொத்தோ இன்டெலிடமும் மைக்ரோசாப்டிடமும் போயிற்று. வீடு கட்டியவன் வாசலில் நிற்க, வாடகைக்கு வந்தவர்கள் வீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

1992-ல் ஏறத்தாழ 500 கோடி டாலர் நட்டம், 1993-ல் ஏறத்தாழ 800 கோடி டாலர் நட்டம் என்று ஐ.பி.எம். கணக்குக் காட்டியது. 1980-களின் நடுவில் அங்கே 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். 1994-ல் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 20 ஆயிரம் பேர். இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்புவோம். தான் உலகுக்கு அறிமுகப்படுத்திய அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் தொழிலையே சீனாவின் லெனோவோ கம்பெனிக்கு 2005-ல் விற்றுக் கைகழுவியது.

தோழர்களே, இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளிலேயே ஐ.பி.எம். இந்தியாவுக்கு வந்துவிட்டது. பம்பாயில் அதற்கு ஆலை இருந்தது. மேல்நாடுகளில் காலம் முடிந்த இயந்திரங்களைக் கொண்டுவந்து, பழுது நீக்கி, வண்ணம் பூசி, நமக்கு வாடகைக்கு விட்டது. 1973-ல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட அந்நியக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது சட்டம். 1977-ல் ஜனதா ஆட்சியில் தொழில் அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதை அழுத்திப் பிடித்தார். முழுப் பங்கும் எங்களிடமே இருக்க வேண்டும் என்ற ஐ.பி.எம்., 1978-ல் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது.

"போச்சு, இனி இந்தியாவில் கம்ப்யூட்டரே ஓடாது" என்றார்கள். ஓடாமல் போயிற்றா? அது விட்டுச் சென்ற இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை, 1975-ல் மத்திய அரசு தொடங்கியிருந்த சி.எம்.சி. என்ற பொதுத்துறை நிறுவனம் ஏற்றது. 1976-ல் தொடங்கிய எச்.சி.எல்., நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த சிவ நாடாரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது, உள்நாட்டுக் கம்ப்யூட்டரோடு சந்தையில் நின்றது. 1980-களின் நடுவில் டில்லியில் ரயில் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் அதே சி.எம்.சி.தான். விடுமுறைக்கு ஊருக்குப் போக விடிய விடிய வரிசையில் நின்ற நம் மக்களுக்கு அதன் அருமை தெரியும். எல்லாம் பொன்னாக நடந்தது என்று நாம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இயந்திரத்தின் விலை அதிகம், இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் தாமதமும் அதிகம். 1992-ல் ஐ.பி.எம். டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பியும் வந்தது. ஆனால் ஒன்று நிலைத்தது: பெரியவன் போனால் வானம் இடிந்து விழாது என்ற அறிவு.

மைக்ரோசாப்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். ஐ.பி.எம். இறங்கிய நாற்காலியில் அது ஏறியது. உலகின் மேசைக் கம்ப்யூட்டர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதன் நிரலில் ஓடின. 1998-ல் அமெரிக்க அரசு அதன்மீதும் வழக்குப் போட்டது. 2000-ல் கம்பெனியை இரண்டாகப் பிளக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். 2001-ல் மேல்நீதிமன்றம் பிளக்கும் உத்தரவை நீக்கியது, ஆனால் ஏகபோகத்தைத் தவறாகக் காத்துக்கொண்டது என்ற குற்றத்தை உறுதி செய்தது. அதற்குள் தரை மறுபடி நகர்ந்தது. மக்கள் மேசையைவிட்டுக் கைப்பேசிக்குப் போனார்கள். 2007-ல் ஆப்பிளின் ஐபோன் வந்தது, 2008-ல் கூகுளின் ஆண்ட்ராய்டு வந்தது. மேசையில் ராஜாவாக இருந்தவன் கைப்பேசியில் கடைசிப் பந்தியில்கூட உட்கார முடியவில்லை.

அந்தக் கைப்பேசிக் கதைதான் நம் நெஞ்சுக்கு மிக அருகில் இருப்பது. நோக்கியாவை இந்தக் கூட்டத்தில் அறியாதவர் உண்டா? பின்லாந்து நாட்டுக் கம்பெனி. 1998 முதல் 14 ஆண்டுகள் உலகில் கைப்பேசி விற்பதில் அதுதான் முதல் இடம். உச்சத்தில் இருந்தபோது உலகில் விற்ற பத்துக் கைப்பேசிகளில் ஏறக்குறைய நான்கு அதனுடையவை. 2003-ல் வந்த அதன் 1100 என்ற மாடல் மட்டும் உலகில் 25 கோடி விற்றது. தலையில் சின்ன விளக்கு வைத்த அந்தப் போனை நம் வீடுகளில் இன்னும் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் இருக்கலாம்.

இப்படிப்பட்டவன் ஏன் விழுந்தான்? விரல் தொட்டால் ஓடும் போன் வந்தபோது, பழைய நிரலை விட மனமில்லாமல் இருந்தான் என்பது ஒரு காரணம், எல்லாரும் அறிந்தது. நம் போன்றவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய இன்னொரு காரணம் உண்டு. பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்தவனுக்கு இரண்டு நம்பர் தேவை. ஒன்று இங்கே வேலைக்கு, இன்னொன்று ஊருக்கு. ரோமிங் கட்டணம் கூலியைத் தின்ற காலம் அது. ஒரே போனில் இரண்டு சிம் போட்டுக்கொள்ளும் வசதியை மைக்ரோமேக்ஸ் போன்ற புதிய இந்தியக் கம்பெனிகள் மலிவு விலையில் கொண்டுவந்தன. நோக்கியா அதே வசதியோடு வருவதற்கு 2010, 2011 ஆகிவிட்டது. உச்சியில் இருப்பவனுக்குக் கீழே இருப்பவனின் தேவை தெரிவதில்லை. வாங்குகிறவனிடம் கேட்கும் பழக்கம் அவனை விட்டுப் போய்விடுகிறது. ஏகபோகத்தின் நோயே அதுதான்.

2012-ல் சாம்சங் முதல் இடத்தைப் பிடித்தது. 2013 செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தது. கைப்பேசியில் தோற்ற இருவரும் சேர்ந்தால் ஜெயிக்கலாம் என்று எண்ணினார்கள் போலும். 2015-ல் மைக்ரோசாப்ட் அந்தக் கணக்கில் 760 கோடி டாலரை நட்டமென்று எழுதித் தள்ளியது.

கம்பெனிகள் எழுதித் தள்ளின. ஆனால் திருப்பெரும்புதூரில் என்ன ஆயிற்று?

2006-ல் அங்கே நோக்கியா ஆலை திறந்தது. அரசு நிலம் கொடுத்தது, வரிச்சலுகை கொடுத்தது, மின்சாரம் கொடுத்தது. வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்து இளம்பெண்கள். குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம் அந்தப் பெண்களின் கையில் வந்தது. பலர் கூரை வீட்டை ஓட்டு வீடாக்கினார்கள், தம்பி தங்கையைப் படிக்க வைத்தார்கள். கம்பெனிக்கும் வருமான வரித்துறைக்கும் வரித் தகராறு முற்றியதால் அந்த ஆலை மைக்ரோசாப்டுக்குக் கைமாறவில்லை. 2014-ல் ஆயிரக்கணக்கானோர் "விருப்ப ஓய்வு" என்ற பெயரில் வெளியே அனுப்பப்பட்டார்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஓய்வு என்ன, விருப்பம் என்ன! 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதை நம்பியிருந்த உதிரிபாக ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின.

அரசு கொடுத்த சலுகைகளுக்கு ஒப்பந்தம் இருந்தது. நிலத்துக்குப் பத்திரம் இருந்தது. அந்தப் பெண்களின் வேலைக்கு என்ன பத்திரம் இருந்தது?

பின்னர் அந்த இடத்தை சால்காம்ப் என்ற சார்ஜர் செய்யும் கம்பெனி வாங்கியது. இன்று அதே வட்டாரத்தில் ஆப்பிளுக்காக பாக்ஸ்கான் ஆலையில் பல்லாயிரம் பெண்கள் ஐபோன் பூட்டுகிறார்கள். வேலை வந்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெயர்ப்பலகை மாறியது, பத்திரம் மாறியதா என்று கேட்க வேண்டாமா?

இங்கே ஒரு வாதம் வரும். "சந்தை பார்த்துக்கொள்ளும். பெரியவன் தானாக விழுவான். ஆனைக்கொரு காலம், பூனைக்கொரு காலம். நீங்கள் ஏன் கத்துகிறீர்கள்?" இதற்கு மூன்று பதில்கள் உண்டு.

ஒன்று, காலம். ஐ.பி.எம். உச்சியிலிருந்து இறங்க ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின. ஒரு தொழிலாளியின் உழைக்கும் வயதே அவ்வளவுதான்.

இரண்டு, விழுந்தவன் இடத்தில் காலியிடம் வருவதில்லை, இன்னொருவன் வருகிறான். ஐ.பி.எம். போய் மைக்ரோசாப்ட், அதற்குப் பின் கூகுளும் ஆப்பிளும். ஜமீன் மாறுகிறது, குத்தகை மாறவில்லை.

மூன்று, சந்தை தானாக எதையும் திறந்துவிடவில்லை. 1969 வழக்கு இல்லாமல் நிரல்களைப் பிரித்து விற்பது அத்தனை சுலபமாக நடந்திருக்காது. வழக்குப் போடுபவன், சட்டம் செய்பவன், மாற்றைக் கேட்பவன் என்று மனிதர்கள் தள்ளியதால்தான் கதவு திறந்தது.

எந்தச் சட்டம் நமக்கு உதவியது? நம் கையில் உள்ள உதாரணம் ஒன்று. 2011 ஜனவரியில் நாடெங்கும், நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை வந்தது. 2015 ஜூலையில், வேறு மாநிலம் போனாலும் அதே நம்பரைக் கொண்டுபோகும் உரிமை வந்தது. விட்டுப் போகும்போது எதையும் இழக்காமல் போகலாம் என்றால், கம்பெனி நம்மை மதித்துத்தான் ஆக வேண்டும். பணம் அனுப்பும் யு.பி.ஐ. 2016-ல் வந்தது. பாதை பொதுவாக இருப்பதால், எந்தச் செயலியிலிருந்தும் எந்தப் பாங்கிக்கும் பணம் போகிறது. அங்கேயும் இரண்டு கம்பெனிகள் பெரும்பங்கைப் பிடித்துவிட்டன. எவரும் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2020-ல் போட்ட வரம்பு தள்ளித் தள்ளி வைக்கப்பட்டு, கெடு 2026 முடிவு வரை நீண்டது. பொதுப்பாதை போட்டால் மட்டும் போதாது, காவலும் வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

கூகுளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு விஷயத்தில் நம் நாட்டின் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம், தேடுதளத்தில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் காத்தது என்று தீர்ப்புச் சொன்னது. தன் தேடலையே முதலில் காட்டும்படி ஆப்பிளுக்கு 2022-ல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது அந்த வழக்கில்தான் வெளிவந்தது. அத்தனை நல்ல பொருள் என்றால், முதல் வரிசைக்கு இத்தனை பணம் எதற்கு? 2025 செப்டம்பரில் நீதிபதி கம்பெனியைப் பிளக்கவில்லை. ஆனால் பிறரை உள்ளே விடாத ஒப்பந்தங்களைத் தடுத்தார், சில தகவல்களைப் போட்டியாளரோடு பகிரச் சொன்னார். அம்மி மீண்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

ஆகவே நம் சங்கத்தின் நிலை இது.

அரசு எந்தக் கம்பெனிக்கு நிலமும் வரிச்சலுகையும் கொடுத்தாலும், மூடினால் தொழிலாளிக்கு என்ன என்பதை அதே ஒப்பந்தத்தில், அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

கைப்பேசி உத்தரவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள், இத்தனை ஆண்டு ஓட்டினேன், இத்தனை நல்ல மதிப்பெண் பெற்றேன் என்ற சான்றைக் கையோடு எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகும் உரிமை வேண்டும். நம்பரைக் கொண்டுபோக முடியும் என்றால், உழைத்த கணக்கையும் கொண்டுபோக முடியும். ராஜஸ்தான் 2023-ல் இவர்களுக்கென முதல் சட்டம் செய்தது. மற்ற மாநிலங்களிலும் வேண்டும், வந்த இடத்தில் நடைமுறைக்கும் வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் வேண்டும். கம்பெனியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நிற்காமல், பணிச்சான்று, சம்பளச்சீட்டு, சேமநிதி எண் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஒன்றில் மட்டும் செல்லுபடியாகும் வேலையைவிட எங்கும் செல்லுபடியாகும் தொழிலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பம்பாய் மில்கள் என்றும் நிற்கும் என்று நம்பிய நம் முன்னவர்களிடம் கேளுங்கள், 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

எந்தக் கோட்டையும் நிரந்தரமில்லை. அது இடியும்போது நாம் அதன் அடியில் படுத்திருக்கக்கூடாது, அவ்வளவுதான். அதற்குத்தான் சட்டம், அதற்குத்தான் சங்கம். உறுப்பினர் சீட்டு வாங்காத தம்பி தங்கைகள் இன்றே வாங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு, வண்டி ஓட்டும் பிள்ளைகள் எல்லாரும் தங்கள் மூன்று மாதக் கூலிக் கணக்கைக் கொண்டுவாருங்கள். கணக்கோடு பேசினால்தான் காது கொடுப்பார்கள்.